பயிற்சி நாட்களில் நடப்பது

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாங்கள் டாலஸ் பக்கம் குடியிருக்கிறோம். மகள் பத்தாம் வகுப்பு. பள்ளிக் கூடைப்பந்து அணியில் ஆடுகிறாள். அவளோடு உட்கார்ந்து, நாட்டின் சிறந்த பள்ளிக் கூடைப்பந்து ஆட்டக்காரர்களைப் பட்டியலிட்டுத் தேர்ந்தெடுத்து நடத்தும் மெக்டொனால்ட்ஸ் ஆல் அமெரிக்கன் ஆட்டத்தைப் பார்த்தேன். தடுத்து ஆட ஆளே இல்லை. ஆளாளுக்கு ஓடிப்போய் எம்பிக் கூடைக்குள் பந்தை அடித்து இறக்கும் டங்க் அடிக்கிறார்கள். பர்கர் கம்பெனியின் விளம்பரத்துக்குப் பள்ளிப் பிள்ளைகளை ஆடவிடுகிறார்கள் என்றுதான் எனக்குப் பட்டது. மகளோ அந்தப் பட்டியலில் இடம்பிடிப்பதே லட்சியம் என்கிறாள். இதில் மதிக்க என்ன இருக்கிறது?

கே., டெக்சஸ்

அன்புள்ள கே.,

நீங்கள் பார்த்த ஆட்டத்தைப் பற்றிச் சொன்னதெல்லாம் உண்மை. நாட்டின் பல மூலைகளிலிருந்து வந்து, சில நாட்கள் மட்டுமே சேர்ந்து பயிற்சி செய்த பிள்ளைகள். தடுப்பாட்டம் என்பது அணியாகப் பழகிப் பழகி வருவது. அது அங்கே எப்படி இருக்கும்? அந்த இரவை அரங்கேற்றம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். தேர்ச்சியை எடைபோட வேண்டியவர்கள் அதற்கு முன்பே எடைபோட்டிருப்பார்கள்.

எங்கே என்றால், பயிற்சி நாட்களில். சாதாரணப் பள்ளி ஆட்டங்களுக்குப் போக, தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வின் அணிகளுக்கு ஆள் தேடும் தேர்வாளர்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. இதுபோன்ற சில நிகழ்வுகளில் அனுமதி கிடைக்கிறது. அவர்கள் குறிப்பேட்டோடு உட்காருவது பயிற்சியின்போதுதான். தனக்குச் சமமான ஒருவன் எதிரே நிற்கும்போது இந்தப் பையன் என்ன செய்கிறான், பந்து கைக்கு வராதபோது எப்படி நடந்துகொள்கிறான், பயிற்சியாளர் திருத்தினால் காதில் வாங்குகிறானா என்று பார்க்கிறார்கள். சொந்த ஊரில் எல்லோரையும்விட ஒரு சாண் உயரமாக வளர்ந்த பிள்ளைக்கு அப்படி ஒரு எதிராளி அதுவரை கிடைத்திருக்கமாட்டான். இந்தப் போட்டிகளின் உண்மையான பயன் இதுதான் என்பேன்.

இதற்கு 1998இல் சான் அன்டோனியோவில் நடந்த ஹூப் சம்மிட்டைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. அது அமெரிக்க இளைஞர் அணியும் உலக அணியும் மோதும் ஆட்டம்; 1995இல் தொடங்கியது. ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க்கில் இரண்டாம் டிவிஷன் கிளப்பில் ஆடிக்கொண்டிருந்த டிர்க் நொவிட்ஸ்கிக்கு அப்போது 19 வயது. அவருடைய கிளப் முதல் டிவிஷனுக்கு ஏறப் போராடிக்கொண்டிருந்த நேரம். அதை விட்டுவிட்டு வந்திருந்தார். எதிரணியில் ரஷார்ட் லூயிஸ், அல் ஹாரிங்டன் போல் பின்னாளில் என்.பி.ஏ.வில் ஆடியவர்கள். ஏறத்தாழ ஏழடி உயர ஆள் வெளியே நின்றும் எறிகிறார், பந்தைத் தட்டிக்கொண்டு உள்ளேயும் புகுகிறார். யாருக்கும் பிடிபடவில்லை. ஃபவுல் செய்துதான் நிறுத்த முடிந்தது. அதற்குப் பதிலாகத் தடையின்றி எறியக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோக்களில் 23 எறிந்து 19ஐப் போட்டார். மொத்தம் 33 புள்ளிகள்; கூடையில் விழாமல் திரும்பிய பந்தைப் பிடிக்கும் ரீபவுண்ட் 14. உலக அணிக்கு வெற்றி. டாலஸ் மாவெரிக்ஸ் என்ற என்.பி.ஏ. அணியைச் சேர்ந்த டானி நெல்சன் உலக அணியின் உதவிப் பயிற்சியாளராக இருந்ததால் பக்கத்திலிருந்தே எல்லாவற்றையும் பார்த்தார். அணிகள் முறைவைத்துப் புதிய வீரர்களை எடுக்கும் டிராஃப்டில், அந்த ஆண்டு மில்வாக்கி அணி ஒன்பதாவதாக எடுத்த நொவிட்ஸ்கி, கைமாறி டாலஸுக்கே வந்து சேர்ந்தார். 21 சீசன் ஆடினார். 2011இல் கோப்பையையும் வாங்கித் தந்தார். உங்கள் ஊர்க்காரர்கள் இன்றும் கொண்டாடும் மனிதர்.

விளம்பரம் பற்றிய உங்கள் கோபத்தில் எனக்கும் பாதிப் பங்கு உண்டு. இந்த நிகழ்வில் சேரும் நன்கொடை ரொனால்ட் மெக்டொனால்ட் இல்லங்களுக்குப் போகிறது. தூரத்து மருத்துவமனையில் குழந்தையைச் சேர்த்த பெற்றோர் தங்கும் இடங்கள் அவை. நல்ல காரியம்தான். ஆனால் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம் என்று 2021இல் விதி மாறும்வரை, இந்தப் பிள்ளைகள் காசு வாங்கினால் கல்லூரியில் ஆடும் தகுதியே போய்விடும் என்ற நிலை. ஒளிபரப்பு, காலணி, உடை என்று சுற்றியிருந்த எல்லோருக்கும் வியாபாரம், ஆடியவருக்கு மட்டும் ஒன்றுமில்லை. அது அநியாயம். இத்தனை காலம் நீடித்திருக்கவே கூடாது.

இனி உங்கள் மகள் சொல்லும் பட்டியல். நூற்றுக்கணக்கான பெயர்கள் பரிந்துரையாகி, கடைசியில் 24 பையன்கள், 24 பெண்கள். 2003இல் லெப்ரான் ஜேம்ஸ் அதில் இருந்தார். பின்னாளில் என்.பி.ஏ. நட்சத்திரங்களானவர்களில் ஸ்டீபன் கரி இருந்ததில்லை. கவாய் லெனர்ட் இல்லை, டேமியன் லில்லார்ட் இல்லை. பள்ளி முடிக்கும்போது கரி ஒல்லிப் பையன். பெரிய கல்லூரிகள் கண்டுகொள்ளாததால் டேவிட்சன் என்ற சிறிய கல்லூரிக்குப் போனார். பட்டியல் அந்த வயதின் உயரத்தையும் வேகத்தையும் நன்றாக அளக்கிறது, அவ்வளவுதான். பட்டியலுக்குள் வந்தவருக்கும் தீர்ப்பு இப்படித்தான்: 1981இல் விச்சிட்டா நகரில் நடந்த இதே ஆட்டத்தில் மைக்கேல் ஜோர்டான் 30 புள்ளிகள் எடுத்தார், கடைசி நேரத்தில் இரண்டு ஃப்ரீ த்ரோ போட்டு அணியை ஜெயிக்கவும் வைத்தார். சிறந்த ஆட்டக்காரர் விருது ஏட்ரியன் பிராஞ்சுக்கும், அந்த ஊர்ப் பையன் ஆப்ரி ஷெராடுக்கும் போனது.

லட்சியம் வேண்டாம் என்று அவளிடம் சொல்லாதீர்கள். 1977இல் தொடங்கிய இந்த நிகழ்வில் பெண்களுக்கு ஆட்டம் வந்ததே 2002இல்தான். இரண்டே வருடத்தில் கேண்டஸ் பார்க்கர் என்ற பள்ளி மாணவி, பையன்களும் கலந்துகொண்ட டங்க் போட்டியில் அவர்களை வென்றார். உங்கள் மகளுக்கு முன்னால் அப்படி ஒரு கதவு திறந்திருப்பது நல்லது. டங்க் துணுக்குகளை மட்டும் பார்க்கிறாள் என்றால் ஒன்று செய்யுங்கள். ஹூப் சம்மிட்டில் 2023 முதல் பெண்களுக்கும் ஆட்டம் நடக்கிறது. அதில் ஏதாவது ஒன்றை முழுமையாக அவளோடு சேர்ந்து பாருங்கள். அவள் ஆடும் இடத்தில் ஆடும் ஒரு பெண்ணைத் தேர்ந்துகொண்டு, பந்து அவளிடம் இல்லாத நேரத்தில் கால்கள் எங்கே போகின்றன என்று கவனிக்கச் சொல்லுங்கள்.