வார்த்தைக் கணக்கும் இரண்டு சமன்பாடுகளும்: கேள்வி பதில்

கேள்வி (ஒன்பதாம் வகுப்பு மாணவர்): டீச்சர், சமன்பாட்டைக் கொடுத்தால் தீர்த்துவிடுகிறேன். நாலு வரி வாக்கியமாக வந்தால் எங்கே தொடங்குவதென்றே தெரியவில்லை.

பதில்: கடைசி வரியில் தொடங்குங்கள். கணக்கு எதைக் கேட்கிறது என்பது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். தெரியாத இரண்டுக்கும் எழுத்து வையுங்கள். எக்ஸ், ஒய்தான் வேண்டுமென்று கட்டாயமில்லை. "ப = பறவை" என்று மட்டும் எழுதாதீர்கள். "ப = பறவைகளின் எண்ணிக்கை" என்று எழுதுங்கள். எழுத்து நிற்பது ஓர் எண்ணுக்காக, பொருளுக்காக அல்ல. இந்த ஒரு வரியைச் சோம்பலில் விட்டுவிடுவதால்தான் பாதிப் பிழைகள் வருகின்றன என்பேன்.

கேள்வி: "மாணவர்களின் எண்ணிக்கை ஆசிரியர்களைப் போல் 6 மடங்கு." நான் 6மா = ஆ என்று எழுதினேன். தவறு என்கிறார்கள். ஏன்?

பதில்: எண்ணைப் போட்டுப் பாருங்கள். ஆசிரியர் 10 பேர் என்றால் மாணவர் 60 பேர். உங்கள் சமன்பாட்டில் 6 × 60 = 10 என்று வருகிறது. சிறிய தொகையைத்தான் 6 ஆல் பெருக்க வேண்டும்: மா = 6ஆ. "மடங்கு" வரும் இடமெல்லாம் இப்படி ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

கேள்வி (ஒரு தாய்): பறவைகளும் முயல்களும் சேர்ந்து 35 தலை, 94 கால். என் மகள் சமன்பாடே எழுதாமல் விடை சொல்லிவிட்டாள். எல்லாமே பறவை என்று வைத்தால் 70 கால், மிச்சம் 24, ஆகவே 12 முயல் என்கிறாள். இப்படிச் செய்யலாமா?

பதில்: தாராளமாக! அவள் செய்தது நீக்கல் முறையேதான், அதாவது சமன்பாடுகளைக் கூட்டியோ கழித்தோ ஓர் எழுத்தை மறையச் செய்வது. ப + மு = 35, 2ப + 4மு = 94. முதலாவதை 2 ஆல் பெருக்கினால் 2ப + 2மு = 70; அதுதான் அவளுடைய "எல்லாமே பறவை". கழித்தால் 2மு = 24, மு = 12, ப = 23.

இது சுன்ட்சி என்பவரின் பெயரில் வழங்கும் பழைய சீனக் கணித நூலில் உள்ள கணக்கு, இதே எண்களோடு. அங்கே கால்களைப் பாதியாக்கி (47) தலைகளைக் கழிக்கிறார்கள்: 47 − 35 = 12. நம் மொழியில் சொன்னால், இரண்டாவது சமன்பாட்டை 2 ஆல் வகுத்து ப + 2மு = 47 ஆக்கி, முதலாவதைக் கழிப்பது. மகளிடம் இந்த மூன்று வழியையும் பக்கம் பக்கமாக எழுதச் சொல்லுங்கள். எழுத்துகள் என்ன வேலை செய்கின்றன என்று அவளுக்கே தெரிந்துவிடும்.

கேள்வி: வயதுக் கணக்கு எனக்கு வரவே வராது. 5 ஆண்டுகளுக்கு முன் தந்தையின் வயது மகளுடையதைப் போல் 7 மடங்கு. 5 ஆண்டுகள் கழித்து 3 மடங்கு.

பதில்: த, ம இரண்டும் இன்றைய வயது என்று முதலில் எழுதிவைத்துவிடுங்கள். காலம் நகரும்போது இருவருக்கும் சேர்த்தே நகர்த்த வேண்டும். இங்கேதான் பலர் தந்தையை மட்டும் நகர்த்துகிறார்கள். த − 5 = 7(ம − 5), த + 5 = 3(ம + 5). அடைப்பை விரித்தால் த = 7ம − 30, த = 3ம + 10. இரண்டையும் சமப்படுத்தினால் 4ம = 40. மகளுக்கு 10, தந்தைக்கு 40. விடையைச் சமன்பாட்டில் சரிபார்க்காமல் கணக்கின் வாக்கியத்திலேயே சரிபாருங்கள்: அன்று 35, 5, பின்னர் 45, 15. சமன்பாட்டையே தவறாக எழுதியிருந்தால் அதில் போட்டுப் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி: நீரோட்டத்தோடு 48 கி.மீ. போக 3 மணி, எதிர்த்து வர 4 மணி. படகின் வேகம்?

பதில்: முதலில் வேகமாக மாற்றுங்கள்: மணிக்கு 16, 12 கி.மீ. படகின் வேகம் ப, நீரோட்டத்தின் வேகம் நீ என்றால் ப + நீ = 16, ப − நீ = 12. கூட்டினால் ப = 14, நீ = 2. நேரம் 2 மணி 30 நிமிடம் என்று வந்தால் 2.30 என்று எழுதாதீர்கள், அது 2.5.

கேள்வி: பிரதியிடலா, நீக்கலா?

பதில்: ஒரு மாறி (தெரியாத எண்ணுக்கான எழுத்து) தனியாக நின்றால் பிரதியிடல், அதாவது அதன் மதிப்பை மற்றச் சமன்பாட்டில் அதன் இடத்தில் போடுவது. இல்லையென்றால் நீக்கல்.

கேள்வி: எல்லாம் சரியாகச் செய்தும் 0 = 0 என்று வருகிறது.

பதில்: ஒரே தகவலை இரண்டு விதமாக எழுதியிருப்பீர்கள். "இரு எண்களின் கூடுதல் 20, சராசரி 10" என்பதில் இரண்டாவது புதிதாக எதுவும் சொல்லவில்லை. வரைபடத்தில் ஒரே கோடுதான் கிடைக்கும். சராசரி 12 என்றிருந்தால் 0 = 4 என்று முரணாகும், கோடுகள் இணையாக ஓடும். கணக்கை மறுபடி வாசித்து, இன்னும் பயன்படுத்தாத வாக்கியம் இருக்கிறதா என்று தேடுங்கள். பெரும்பாலும் ஒன்று இருக்கும்.