வாசகர் கேள்விகள்: 584 மீட்டர் தள்ளிப் போயிருக்க வேண்டியவை

கே: பத்து சென்டிமீட்டர் துண்டைக்கூட ரேடாரில் பிடித்துவிடுகிறார்கள் என்று படித்தேன். அப்புறமும் செயற்கைக்கோள்கள் ஏன் மோதிக்கொள்கின்றன?
– கல்லூரி மாணவி, நாகர்கோவில்

ப: ஒரு பொருளை ரேடாரில் பார்த்துவிடலாம். மூன்று நாள் கழித்து அது எந்த நொடியில் எங்கே இருக்கும் என்று சொல்வதில்தான் சிக்கல். 2009 பிப்ரவரி 10 அன்று சைபீரியாவுக்கு மேலே, சுமார் 790 கி.மீ. உயரத்தில், இரிடியம் 33 என்ற தொலைபேசிச் செயற்கைக்கோளும் ரஷ்யாவின் செயலிழந்த காஸ்மாஸ் 2251-ம் மோதின. மோதிய வேகம் விநாடிக்கு 11.7 கி.மீ. இரண்டுமே அரை டன்னைத் தாண்டியவை. யார் கண்ணிலும் படாமல் திரிந்தவை அல்ல. கண்காணிக்கப்படும் பொருள்களின் அட்டவணையில் இரண்டின் பாதையும் இருந்தது. பொதுவில் கிடைத்த தரவை வைத்துப் போட்ட கணக்கு, இரண்டும் 584 மீட்டர் இடைவெளியில் கடந்துபோகும் என்றது. அன்றைய பட்டியலில் அதைவிட நெருக்கமான சந்திப்புகள் பல இருந்தன. அவை எதுவும் மோதவில்லை.

விநாடிக்கு ஏழரை கி.மீ. ஓடும் பொருள் 584 மீட்டரைக் கடக்க, விநாடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. கணக்கு அவ்வளவு பிசகினால் போதும். ரேடார் ஒரு துண்டை நாள் முழுக்கத் துரத்துவதில்லை. தன் பார்வைக்குள் வரும் சில நிமிடங்கள் மட்டும் அளக்கிறது; மீதிப் பாதை முழுக்கக் கணக்குதான். அந்த உயரத்திலும் துளிக் காற்று உண்டு. சூரியன் சீறும் நாட்களில் காற்று மண்டலம் உப்பி மேலெழும்பும், இழுவை கூடும். பொருள் கொஞ்சம் கீழிறங்கி, வேகம் கூடி, நாம் குறித்த நேரத்துக்கு முன்பே போய்ச் சேரும். செத்த செயற்கைக்கோள் எப்படிப் புரண்டுகொண்டு போகிறது என்பதைப் பொறுத்தும் இந்த இழுவை மாறும்.

அந்த மோதலில் பிறந்த, அட்டவணையில் ஏறிய துண்டுகள் மட்டும் இரண்டாயிரத்தைத் தாண்டும். கணிசமானவை இன்னமும் சுற்றுகின்றன. எனக்கு இதில் மனசு ஆறவே இல்லை.

கே: ஆபத்து என்று தெரிந்தால் நகர்த்திவிட வேண்டியதுதானே?
– வாசகர், கரூர்

ப: உயிரோடு இருப்பதை நகர்த்தலாம். காஸ்மாஸ் போன்றவற்றுக்கு எந்தக் கட்டளையும் எட்டாது. நகர்த்தக்கூடியதற்கும் எரிபொருள் செலவாகும், ஆயுள் குறையும். அதனால் எச்சரிக்கை வந்ததுமே யாரும் ஓடுவதில்லை. அந்த எச்சரிக்கைச் செய்தியில் நெருங்கும் நேரம், இடைவெளி, அப்புறம் இரண்டின் இருப்பிடத்திலும் எவ்வளவு பிசகு இருக்கலாம் என்பதெல்லாம் இருக்கும். முடிவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்தப் பிசகுதான். சர்வதேச விண்வெளி நிலையத்தில், மோதும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றைத் தாண்டினால் விலகிப் போவது வழக்கம்.

இரண்டுமே நகரக்கூடியவை என்றால், யார் நகர்வது? 2019 செப்டம்பர் 2 அன்று ஐரோப்பாவின் ஏயோலஸ், ஒரு ஸ்டார்லிங்க் செயற்கைக்கோளுக்கு வழிவிட்டு உயர ஏறியது. அதற்கு முந்தைய பேச்சுவார்த்தை மின்னஞ்சலில் நடந்தது! யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்று உலகம் முழுவதையும் கட்டுப்படுத்தும் சட்டம் இன்னும் கிடையாது. தன் செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது, எப்போது நகரப்போகிறது என்பதை அதை இயக்குபவர் துல்லியமாகச் சொல்ல முடியும். அதை எல்லோரும் பகிர்ந்துகொள்வதைக் கட்டாயமாக்க வேண்டும். வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் நான் இதை எழுதிக்கொண்டேதான் இருப்பேன்.

கே: இஸ்ரோ இதில் என்ன செய்கிறது?
– ஆசிரியை, தஞ்சாவூர்

ப: சந்திரயான்-3 ஏவப்பட்டபோது, புறப்படும் நேரத்தை 4 விநாடி தள்ளிவைத்தார்கள். வழியில் ஒரு பொருளை நெருங்க நேரிடும் என்று கணக்கு காட்டியதே காரணம். ஸ்ரீஹரிகோட்டாவில் ஒரே நேரத்தில் பல பொருள்களைத் தொடரும் ரேடார் இருக்கிறது. பெங்களூருவில் இதற்கென்றே ஒரு மையம் 2022-இல் திறக்கப்பட்டது.

நம் பங்குக் குப்பையையும் சொல்லத்தான் வேண்டும். 2001 டிசம்பரில் பி.எஸ்.எல்.வி-சி3 ராக்கெட்டின் மேல்கட்டம் சுற்றுப்பாதையில் வெடித்து 300-க்கும் மேற்பட்ட துண்டுகளானது. இப்போது மிச்ச எரிபொருளை வெளியேற்றிவிடுகிறார்கள். 2024 ஜனவரி 1 அன்று ஏவிய பி.எஸ்.எல்.வி-சி58-இன் கடைசிக் கட்டத்தை 350 கி.மீ. உயரத்துக்கு இறக்கி, சோதனைகளுக்கும் பயன்படுத்தினார்கள். மார்ச் மாதமே அது காற்று மண்டலத்துக்குள் வந்து விழுந்துவிட்டது. எல்லா நாடுகளும் இப்படிச் செய்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

கே: விண்வெளிக் குப்பையை வெறும் கண்ணால் பார்க்க முடியுமா?
– பத்தாம் வகுப்பு மாணவன், சிவகாசி

ப: பெரியவற்றைப் பார்க்கலாம், தம்பி. பொழுது சாய்ந்த ஒரு மணி நேரத்துக்குள் மொட்டைமாடிக்குப் போங்கள். சிவப்பு, பச்சை விளக்கு இல்லாமல், நட்சத்திரம் போன்ற ஒரு புள்ளி நகர்ந்துகொண்டே சீரான இடைவெளியில் மங்கி மங்கிப் பளிச்சிட்டால், அது பெரும்பாலும் உருண்டு புரளும் பழைய ராக்கெட் கட்டம். நேரத்தையும் திசையையும் குறித்துவையுங்கள். செயற்கைக்கோள் கடக்கும் நேரம் காட்டும் செயலிகளில் உங்கள் ஊரைக் கொடுத்து ஒப்பிட்டால், அது எந்த நாட்டு ராக்கெட், எந்த வருடம் போனது என்பதுவரை கண்டுபிடித்துவிடலாம்.