தேநீர்க்கடையில் வானியல்

வணக்கம். நியூயோர்க்கில் 2013இல் தொடங்கி, மதுக்கடைகளில் வானியலாளர்கள் வந்து பேசுகிறார்களாம். நாங்கள் சில நண்பர்கள் யாழ்ப்பாணத்தில் ஒரு தேநீர்க்கடையில் அப்படிச் செய்ய விரும்புகிறோம். எங்கள் ஆசிரியர், "மண்டபத்தில் செய்யுங்கோ. கடையில் வைத்தால் சாத்திரம் கேட்கிற சனம்தான் வரும்" என்கிறார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?
— ஒரு வாசகர், கொக்குவில்

அன்புள்ள தம்பி,

கடையிலேயே செய்யுங்கள். மண்டபம் என்றால் மங்கல விளக்கு, தலைமையுரை, பொன்னாடை எல்லாம் முடிந்து பேச்சாளர் ஒலிவாங்கியைப் பிடிக்கும்போது சனம் மணிக்கூட்டைப் பார்க்கத் தொடங்கிவிடும். கேள்விக்கு நேரமே இராது. 1998இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் தொடங்கிய அறிவியல் கபேக்களில் பேச்சு கொஞ்சம், கேள்விதான் கூட. எனக்குப் பிடித்தது அதுதான்.

சாத்திரம் கேட்கிறவர்கள் வரட்டுமே. நம் ஊரில் தன் நட்சத்திரம் தெரியாதவர் அரிது. அது வானத்தில் எங்கே நிற்கிறது என்று காட்டத் தெரிந்தவர் அதைவிட அரிது. பிறந்த நேரத்தில் சந்திரன் வானத்தின் எந்தப் பகுதியில் நின்றதோ, அதுதான் சாதகத்தில் இருக்கும் நட்சத்திரம். அங்கிருந்தே தொடங்குங்கள். பலன் கேட்டால், தெரியாது என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு வெளியே கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

மே நடுப்பகுதி நல்லது. இரவு எட்டரை மணிக்கு மேற்கில் மகம், தென்கிழக்கே உயரத்தில் சித்திரை, கிழக்கில் சுவாதி, தென்கிழக்கில் தாழ்வாகச் சிவந்த கேட்டை. சுவாதி சுமார் 37 ஒளியாண்டு தூரம். வந்தவர்களில் 37 வயதுக்காரர் யாரும் இருந்தால், அவர் பிறந்த காலத்தில் புறப்பட்ட ஒளி இப்போதுதான் அவர் கண்ணுக்குள் விழுகிறது. மகத்துக்கு 79, அது அப்பப்பாக்களுக்கு. சித்திரை ஏறத்தாழ 250 ஒளியாண்டு. கோட்டையில் ஒல்லாந்தர் இருந்த காலத்து ஒளி. இதற்குப் படக்காட்சியும் தேவையில்லை, தொலைநோக்கியும் தேவையில்லை.

இன்னொன்று. கையை நீட்டி விரல்களை முட்டியாக மடக்கினால் அதன் அகலம் சுமார் 10 பாகை. யாழ்ப்பாணத்தில் துருவ நட்சத்திரம் வடக்கு அடிவானிலிருந்து ஒரு முட்டி உயரம்தான். அதே மே இரவில் ஒன்பது மணிபோல் தெற்கே திரும்பினால் தென்சிலுவை இரண்டு முட்டி உயரத்தில் நிற்கும். லண்டனில் இருக்கும் உங்கள் சொந்தக்காரருக்கு இந்தச் சிலுவை ஒருநாளும் தெரியாது. ஆனால் பனைமரம் மறைக்காத இடமாகப் பாருங்கள். கார்த்திகை, மார்கழியில் மழைமுகில் இருக்கும், வேண்டாம்.

அப்புறம், கடைக்காரரிடம் முன்கூட்டியே கதைத்துவிடுங்கள். ஆளுக்கொரு பிளேன்ரீயோடு இரண்டு மணித்தியாலம் மேசையைப் பிடித்துக்கொண்டிருந்தால் அடுத்த மாதம் விடமாட்டார். வடையும் வாங்குங்கள்.