வாசகர் கேள்வி: சண்டிகரின் கான்கிரீட்டும் எச்டிஆர் படமும்

கேள்வி: சண்டிகரில் கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே வடிவமைத்த சட்டமன்றத்தையும் உயர் நீதிமன்றத்தையும் வெவ்வேறு ஒளியளவில் மும்மூன்று படங்களாக எடுத்து, கணினியில் எச்டிஆர் (உயர் ஒளி வீச்சு) முறையில் இணைத்தேன். கூரை விளிம்பை ஒட்டி வானத்தில் வெளிறிய பட்டை ஒன்று தெரிகிறது. கான்கிரீட் சுவரோ கரி அப்பியதுபோல் இருக்கிறது. பிழை எடுத்த விதத்திலா, இணைத்த விதத்திலா?
– வாசகர், திருச்சி

பதில்: எடுத்த விதத்தில் பெரிய குறை இல்லை, இணைத்த படத்தின் ஒளி வீச்சைத் திரைக்கேற்பச் சுருக்கும் டோன் மேப்பிங்கில்தான் கை சற்று அதிகமாகப் போய்விட்டது. மூன்று படங்களும் சேர்ந்து தரும் ஒளி வீச்சு சாதாரணத் திரையில் அடங்காது என்பதால், மென்பொருள் ஒவ்வொரு புள்ளியையும் அதன் சுற்றுப்புறத்தின் சராசரி வெளிச்சத்தோடு ஒப்பிட்டு ஏற்றவோ இறக்கவோ செய்கிறது. விளிம்பை ஒட்டிய வானத்துக்குப் பாதிச் சுற்றுப்புறம் இருண்ட கான்கிரீட்டாகவே அமைந்துவிடுவதால், அந்த வானமும் இருட்டில் இருப்பதாகக் கணக்கிட்டு அதற்கு வெளிச்சமேற்றிவிடுகிறது. நீங்கள் காணும் பட்டை இதனால் வருவதே. டோன் மேப்பிங்கின் வலிமையைப் பாதி அளவுக்கும் கீழே இறக்கிப் பாருங்கள்.

கரிக்குக் காரணம் கிளாரிட்டி, டீட்டெயில் போன்ற அளவுகள். பூச்சில்லாமல் விடப்பட்ட அந்தச் சுவர்களில் வார்ப்புப் பலகைகளின் தடமும் மழைக்கறையும் இயல்பாகவே உண்டு. நுண்ணிய வேறுபாடுகளை மிகைப்படுத்தும்போது கறைதான் முதலில் முன்னே வந்து நிற்கும்.

இதைவிட முக்கியமாக எனக்குப் படுவது நிழல். உயர் நீதிமன்றத்தின் முகப்பில் உள்ள ஆழமான கான்கிரீட் தடுப்புகள், சண்டிகரின் கோடை வெயிலை மறித்து நிழல் தருவதற்கென்றே வைக்கப்பட்டவை. அந்த நிழலுக்குள் மூலைமுடுக்கெல்லாம் தெரியவேண்டும் என்று வெளிச்சமேற்றினால், தடுப்புகளின் ஆழம் மறைந்து முகப்பு முழுவதும் வரைபடம்போல் தட்டையாகிவிடும். கட்டடக் கலைஞர் மெனக்கெட்டு உண்டாக்கியதை நாம் ஏன் அழிக்கவேண்டும்? இருட்டில் ஓரளவு விவரம் தெரிந்தால் போதும். வாயிலில் நிற்கும் பச்சை, மஞ்சள், சிவப்புத் தூண்களின் நிறச் செறிவையும் குறைத்துவிடுங்கள். இப்போது அவை பொம்மைக் கடைப் பளபளப்போடு இருக்கின்றன.

டோன் மேப்பிங்கே வேண்டாம் என்றால், எக்ஸ்போஷர் ஃப்யூஷன் என்ற முறை இருக்கிறது. 2007இல் மெர்ட்டன்ஸ், காவுட்ஸ், வான் ரீத் ஆகிய மூவர் முன்வைத்த இம்முறை, எச்டிஆர் கோப்பை உருவாக்காமலே, ஒவ்வோர் இடத்திலும் நன்றாக ஒளி பெற்ற படத்துக்கு அதிக எடை கொடுத்து நேரடியாகக் கலக்கிறது. கட்டடங்களுக்கு நான் முதலில் முயல்வது இதைத்தான். அடுத்த முறை எடுக்கும்போது அப்பர்ச்சர், ஐஎஸ்ஓ, வெண் சமநிலை, குவியம் நான்கையும் மாற்றாமல் நிறுத்திவைத்து, ஷட்டர் வேகத்தை மட்டும் இரண்டு ஸ்டாப் இடைவெளியில் (ஒரு ஸ்டாப் என்பது ஒளி இரு மடங்காவதோ பாதியாவதோ) மாற்றுங்கள். மேகமோ ஆட்களோ நகர்ந்திருந்தால், அந்தப் பகுதியை ஒரே படத்திலிருந்து மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் நேரத்திலோ, கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பு ஒன்றே பெரும்பாலும் போதும்.