காமகுரா, எனோஷிமா ஒரு நாள் ரயில் பயணம்: கேள்வி பதில்

கே: டோக்கியோவில் இருந்து போகிறோம். அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. முடியுமா?

ப: தாராளமாக. டோக்கியோ ஸ்டேஷனில் யோகோசுகா லைன் ஏறினால் மாறாமல் ஒரு மணி நேரத்தில் காமகுரா. அங்கே எனோடென் ரயில். ஃபுஜிசாவா வரை மொத்தமே 10 கிலோமீட்டர், 15 ஸ்டேஷன். நான் ஆட்களைக் கூட்டிப் போகும்போது காலையில் ஹாசேவில் இறங்கி பெரிய புத்தர், அப்புறம் கடலோர ரயில், மாலையில் எனோஷிமா தீவு என்று வைத்துக்கொள்வேன். காமகுராவில் ஏறியதும் இடப்பக்கம் உட்காருங்கள், கடல் அந்தப் பக்கம்தான் வரும். கொஷிகோயே தாண்டியதும் ரயில் தெருவுக்குள்ளேயே இறங்கி, கார்களுக்கு நடுவில் ஊர்ந்து போகும், கடை வாசல் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். தீவில் மேலே ஏற கட்டண எஸ்கலேட்டர் உண்டு, ஆனால் இறங்க கிடையாது. அதனால் படி இறங்கித்தான் போக வேண்டிய பின்பக்கக் குகைகளை அம்மாவுக்காக விட்டுவிடுங்கள்.

கே: ஜேஆர் பாஸ் எனோடெனில் செல்லுமா?

ப: செல்லாது, அந்தப் பாஸ் ஜேஆர் (ஜப்பான் ரயில்வேஸ்) ரயில்களுக்கானது, எனோடென் வேறு தனியார் கம்பெனி. சுயிகா கார்டு (பணம் போட்டு வைத்து, ஸ்டேஷனில் தட்டிப் போகும் கார்டு) போதும்.

கே: கடற்கரையில் உட்கார்ந்து சாப்பிடலாமா?

ப: தயவுசெய்து வேண்டாம். அங்கே வட்டமடிக்கும் பருந்துகள் பின்னாலிருந்து சத்தமில்லாமல் பாயும். காதோரம் காற்று அடித்தது தெரியும், அதற்குள் கையில் இருந்தது போயிருக்கும். நகம் பட்டால் குழந்தைகளின் கை கிழியும். கூரைக்குக் கீழே சாப்பிடுங்கள்.

கே: புத்தர் ஏன் வெட்டவெளியில் இருக்கிறார்?

ப: முதலில் மண்டபம் இருந்தது. புயலும் கடல் வெள்ளமும் கொண்டுபோன பிறகு மறுபடி கட்டவில்லை. 1252இல் தொடங்கிய வெண்கலச் சிலை, உயரம் 11 மீட்டருக்கு மேல். சிறு கட்டணம் கட்டி உள்ளே போங்கள்; அடுக்கடுக்காக வார்த்து இணைத்த தடங்கள் உள்சுவரில் அப்படியே தெரியும்.

கே: எனோஷிமாவில் சரஸ்வதி கோயில் என்கிறார்களே?

ப: ஆமாம். பென்சாய்தென் என்பது சரஸ்வதிதான், பௌத்தத்தோடு சீனா வழியாக வந்தவள். எட்டுக் கைச் சிலையும், பிவா என்ற நரம்புக் கருவியை வாசிக்கும் சிலையும் எண்கோண மண்டபத்தில் இருக்கின்றன.

கே: தவறு. அது ஜப்பானின் சொந்த மதமான ஷிண்டோவின் கோயில், மூன்று சகோதரி தெய்வங்கள்தான் அங்கே. நம்மவர்கள் எதையும் நம்முடையது என்பார்கள்.

ப: மூன்று சகோதரிகள் என்பது சரி. ஆனால் 1868இல் மெய்ஜி அரசு ஷிண்டோவையும் பௌத்தத்தையும் பிரித்ததற்கு முன்னால், அந்தத் தீவு பல நூற்றாண்டுகள் பென்சாய்தெனின் தீவாகவே கும்பிடப்பட்டது. எட்டுக் கையில் ஆயுதம் ஏந்தியவளாக சரஸ்வதியைச் சொல்வது சுவர்ணபிரபாச சூத்திரம் என்ற பௌத்த நூல், நம் ஊர்க் காலண்டரில் பார்த்த வீணைச் சரஸ்வதி அல்ல. பெருமைக்காகச் சொல்லவில்லை, நேரில் போய் அவள் முன்னால் பத்து நிமிடம் நில்லுங்கள்.

கே: அப்படியானால் வீணைதான் பிவா ஆனதா?

ப: இல்லை, பிவா சீனாவின் பீப்பாவில் இருந்து வந்தது. கையில் நரம்புக் கருவி என்ற எண்ணம் மட்டும் அவளோடு தொடர்ந்தது.

கே: சைவம் கிடைக்குமா?

ப: சூப்பிலும் சாஸிலும் மீன் சாறு இருக்கும், கேட்காமல் வாங்காதீர்கள். டோக்கியோவிலேயே கட்டிக்கொண்டு போவது நிம்மதி. கடற்கரையில் பிரிக்காதீர்கள், பருந்து.

கே: ஜேஆர் பாஸ்...?

ப: மேலே இருக்கிறது.

கே: அதே நாளில் ஹாகோனே என்ற மலை ஊரையும் பார்க்கலாமா?

ப: வேண்டாம். ரயிலில் உட்கார்ந்தே நாள் போய்விடும்.

கே: ஃபூஜி மலை தெரியுமா?

ப: குளிர்காலத்தில் வானம் தெளிவாக இருந்தால், எனோடெனில் இனாமுராகசாகி ஸ்டேஷனில் இறங்கி சூரியன் சாயும் நேரத்தில் மேற்கே பாருங்கள்.