அட்வான்ஸ் கட்டினால் சீட் உறுதி என்கிறார்கள், கட்டலாமா?

கேள்வி: "என் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவள். கணிதத்தில் 88, இயற்பியலில் 80, வேதியியலில் 84. இன்ஜினியரிங் படிக்க ஆசைப்படுகிறாள். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதிக்கப்போகிற முதல் ஆள் அவள்தான். பக்கத்தில் உள்ள தனியார் கல்லூரியிலிருந்து தினமும் போன் வருகிறது. 'இருபதாயிரம் அட்வான்ஸ் கட்டுங்கள், கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் உறுதி. கவுன்சலிங் வரை காத்திருந்தால் கிடைக்காது' என்கிறார்கள். கட்டிவிடலாமா? நல்ல கல்லூரி எது என்று எங்களைப் போன்றவர்கள் எப்படித் தெரிந்துகொள்வது?" – ஒரு தாய், திருப்பத்தூர்.

பதில்: கட்டாதீர்கள் அம்மா. மற்றதெல்லாம் அப்புறம்.

உங்கள் மகளின் கட்-ஆஃப் 200-க்கு 170. கணிதம் முழுசாக 88, இயற்பியலில் பாதி 40, வேதியியலில் பாதி 42. அவள் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால், பொதுத் தரவரிசையோடு 7.5 சதவீத ஒதுக்கீட்டிலும் அவளுக்குத் தனி ரேங்க் வரும். பொறியியலுக்கு இந்த ஒதுக்கீடு 2021-இல் வந்தது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகையும் கவுன்சலிங்கில் சேருகிறவர்களுக்குத்தான். அட்வான்ஸ் கட்டி மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் இவை இரண்டும் கைநழுவிப் போகும். போன் செய்கிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். (புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும், அதற்கும் மறக்காமல் விண்ணப்பியுங்கள்.)

சிலர் இன்னொரு மாதிரி வருவார்கள். 'கவுன்சலிங்கிலேயே சேர்த்துவிடுகிறோம், ஒரிஜினல் சர்டிபிகேட்டையும் பாஸ்வேர்டையும் கொடுங்கள், சாய்ஸ் நாங்களே போட்டுவிடுகிறோம்' என்பார்கள். (சாய்ஸ் என்பது எந்தக் கல்லூரி, எந்தப் பிராஞ்ச் வேண்டும் என்று நீங்கள் தரும் விருப்பப் பட்டியல்.) பாஸ்வேர்டும் போனுக்கு வரும் ஓடிபியும் கைமாறினால், உங்கள் மகளின் பெயரில் அவர்கள் கல்லூரி ஒன்றை மட்டும் போட்டுப் பூட்டிவிட முடியும். ஒரிஜினல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்துவைக்கக் கூடாது என்பது தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பான ஏஐசிடிஇ-யின் விதி. விண்ணப்பத்துக்கும் சாய்ஸ் போடுவதற்கும் உதவி வேண்டுமென்றால், கவுன்சலிங் நடத்தும் தொழில்நுட்பக் கல்வி இயக்ககமே மாவட்டம்தோறும் சேவை மையங்கள் வைத்திருக்கிறது. அங்கே போங்கள்.

சரி, நல்ல கல்லூரியை எப்படிக் கண்டுபிடிப்பது? பேனர்களில் எப்போதும் ஒரே ஒரு மாணவரின் பெரிய சம்பளம்தான் இருக்கும். அதை விட்டுவிட்டு, கல்லூரியின் இணையதளத்தில் 'என்ஐஆர்எஃப்' என்ற இடத்தைத் தேடச் சொல்லுங்கள். மத்திய அரசின் தரவரிசைக்காகக் கல்லூரி கொடுத்த கணக்கு அங்கே பிடிஎஃப்பாக இருக்கும். அதில் வேலைவாய்ப்பு, மேற்படிப்பு பற்றிய அட்டவணைக்குப் போங்கள். எத்தனை பேர் சேர்ந்தார்கள், குறித்த காலத்தில் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, அவர்களின் நடுச் சம்பளம் எவ்வளவு என்று வரிசையாக இருக்கும். எடுத்துக்காட்டாக, 300 பேர் சேர்ந்து, 170 பேர் முடித்து, 90 பேருக்கு வேலை, நடுச் சம்பளம் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் என்று இருந்தால் என்ன பொருள்? சேர்ந்தவர்களில் 130 பேர் நான்கு ஆண்டில் பட்டம் வாங்கவில்லை. வேலை கிடைத்தவர்களிலும் பாதிப் பேர் இரண்டரை லட்சமோ அதற்கும் கீழோதான் வாங்குகிறார்கள். 'நூறு சதவீதம் பிளேஸ்மென்ட்' என்ற விளம்பரத்தை இந்த எண்களோடு ஒட்டிப் பாருங்கள். எல்லாக் கல்லூரியும் இந்தத் தரவரிசைக்குப் போவதில்லை. கணக்கு இல்லாத இடத்தில் இதே நான்கு எண்களை நேரில் கேளுங்கள். சுற்றி வளைத்துப் பதில் வந்தால் அதுவே பதில்.

அங்கீகாரத்தில் ஒரு நுட்பம் உண்டு. 'நாக்', 'என்பிஏ' இரண்டும் கல்லூரிகளின் தரத்தைச் சோதிக்கும் தேசிய அமைப்புகள். 'நாக்' தரம் முழுக் கல்லூரிக்கும் உரியது. என்பிஏ அங்கீகாரம் ஒவ்வொரு பிராஞ்சுக்கும் தனித்தனி. உங்கள் மகள் சேரப்போகும் பிராஞ்சுக்கு அது இப்போது நடப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

பிறகு ஒருமுறை நேரில் போய்வாருங்கள். அட்மிஷன் மேளா நாளில் வேண்டாம், சாதாரண வேலைநாளில் போங்கள். அட்மிஷன் ஆபீஸ் ஏசி அறையில் அதிக நேரம் உட்காராமல், கேண்டீன் பக்கமோ பஸ் நிற்கும் இடத்திலோ இரண்டாம், மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் பேசுங்கள். "போன வருஷம் உங்களுக்கு எடுத்த சார், மேடம் எல்லாம் இன்னும் இருக்காங்களா?" என்று கேட்டாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். ஆசிரியர்கள் நிலைக்காத கல்லூரியில் கட்டடம் எவ்வளவு பளபளத்தாலும் பிரயோஜனம் இல்லை. ஒரே ஆசிரியரைப் பல கல்லூரிகள் தங்கள் முழுநேர ஆசிரியராகக் கணக்குக் காட்டியதை 2024-இல் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் அம்பலப்படுத்தியது நினைவிருக்கலாம். காகிதத்தில் உள்ள பட்டியலை மட்டும் நம்ப முடியாது.

கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வேண்டுமா? சுமாரான கல்லூரியின் கம்ப்யூட்டர் சயின்ஸைவிட, ஒழுங்காகப் பாடம் நடக்கும் பழைய கல்லூரியின் இசிஇ-யோ (எலக்ட்ரானிக்ஸ்), இஇஇ-யோ (எலக்ட்ரிக்கல்) மேல் என்பது என் கருத்து. பெரிய ஐடி நிறுவனங்கள் பிராஞ்ச் பார்க்காமல் ஆள் எடுக்கின்றன. ஆனால் பிடிக்காத படிப்பில் பிள்ளையைத் தள்ளாதீர்கள்.

சாய்ஸ் போடும்போது 'கிடைக்கும்' என்று தோன்றுவதை மேலே வைக்காதீர்கள். மகளுக்கு மிகவும் பிடித்தது முதலில் வரட்டும். கணினி மேலிருந்து கீழாகத்தான் பார்க்கும். முதல் பத்தும் கிடைக்காமல் போனாலும் பதினொன்றாவதற்கு நஷ்டம் எதுவும் இல்லை. எத்தனை வேண்டுமானாலும் போடலாம், தாராளமாகப் போடுங்கள். முந்தைய ஆண்டு எந்த ரேங்க் வரை போனது என்பதை உங்கள் இடஒதுக்கீட்டுப் பிரிவு வாரியாகப் பாருங்கள். கட்-ஆஃப் மதிப்பெண் வருஷத்துக்கு வருஷம் ஏறி இறங்கும், ரேங்க் அவ்வளவு ஆடாது. தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் கெடுவுக்குள் உறுதி செய்ய வேண்டும். கெடு தவறினால் சீட் போய்விடும்.

சேர்ந்த பிறகு முதல் செமஸ்டர்தான் கண்டம். தமிழ் வழியில் படித்திருந்தால் பாடம் புரிந்தாலும் ஆங்கிலம் மிரட்டும், கணிதத்தில் அரியர் விழும். பல நிறுவனங்கள் நிலுவையில் அரியர் இருக்கிறவர்களைத் தேர்வுக்கே உட்கார விடுவதில்லை. புரியாததை அன்றைக்கே கேட்கச் சொல்லுங்கள். ஐஐடி பேராசிரியர்களின் வகுப்புகள் என்பிடெல் தளத்தில் இலவசமாக இருக்கின்றன. நிறையப் பாடங்களுக்குத் தமிழாக்கமும் உண்டு, முதலில் அதைப் பார்த்துவிட்டு ஆங்கிலத்துக்குப் போகலாம்.

கடைசி வருஷம் வரும்போது, 'புராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கிடலாம்' என்று கூட இருக்கிறவர்களே சொல்வார்கள். வாங்க விடாதீர்கள். நேர்முகத் தேர்வில் பிரெஷரிடம் கேட்பதே அந்த புராஜெக்டைப் பற்றித்தான். தானே செய்த பிள்ளை, அது சின்னதாக இருந்தாலும், எங்கே சொதப்பியது, எப்படிச் சரிசெய்தேன் என்று பத்து நிமிடம் பேசும். வாங்கிய பிள்ளை இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்ளும்.