கேப்டன் பதவி கிடைக்கவில்லை: கடற்படையை விட்டு விலகலாமா?

கேள்வி: எனக்கு வயது 39. இந்தியக் கடற்படையில் கப்பல்களை இயக்கித் தலைமை தாங்கும் எக்ஸிகியூட்டிவ் பிரிவில் கமாண்டராக விசாகப்பட்டினத்தில் பணிபுரிகிறேன். கமிஷன் பெற்று, அதாவது அதிகாரியாக நியமிக்கப்பட்டு, 17 ஆண்டுகள் ஆகின்றன. அடுத்த பதவியான கேப்டனுக்கு அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியத்தில் முதல் பரிசீலனையில் நான் தேர்வாகவில்லை. என்னுடன் பயிற்சி முடித்த நண்பர் தேர்வாகிவிட்டார். நாளை அவரே எனக்கு மேலதிகாரியாக வரக்கூடும். முப்படை அதிகாரிகளுக்கு உயர் பயிற்சி தரும் வெலிங்டன் ஸ்டாஃப் கல்லூரிக்குப் போகும் வாய்ப்பும் எனக்கு அமையவில்லை. 20 ஆண்டுகள் முடிந்ததும் விருப்ப ஓய்வு பெறுவதா, காத்திருப்பதா? வழக்குத் தொடரலாம் என்றும் சிலர் சொல்கிறார்கள். மகள் எட்டாம் வகுப்புப் படிக்கிறாள்.

பதில்: எந்த முடிவையும் இந்த மாதமே எடுத்துவிடாதீர்கள். வாரியத்தின் முடிவு வந்த சூட்டில் விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் பிறகு வருந்திய அதிகாரிகளைப் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு இன்னும் மூன்று ஆண்டுகள் கையில் இருக்கின்றன. அவற்றை எப்படிச் செலவிடுவது என்பதுதான் இப்போதைய கேள்வி.

முதலில் இந்த அடி ஏன் இவ்வளவு வலிக்கிறது என்று பார்ப்போம். 2004 டிசம்பரில், படை அதிகாரிகளின் பதவி அமைப்பை ஆராய்ந்த அஜய் விக்ரம் சிங் குழுவின் பரிந்துரைகள் முதல் கட்டமாக நடைமுறைக்கு வந்தன. அதன்படி 2 ஆண்டுகளில் லெப்டினன்ட், 6 ஆண்டுகளில் லெப்டினன்ட் கமாண்டர், 13 ஆண்டுகளில் கமாண்டர் என்று காலக்கணக்கில் பதவி உயர்வு வந்துவிடுகிறது. அதற்கு முன்பு கமாண்டர் பதவிக்கே தேர்வு இருந்தது. உங்கள் தலைமுறையோ 13 ஆண்டுகள் தோளோடு தோள் நின்று ஏறி வந்து, 40 வயதை நெருங்கும்போதுதான் முதல்முறையாகச் சலிக்கப்படுகிறது. பிள்ளைகளின் படிப்பு, வீட்டுக்கடன், பெற்றோரின் முதுமை எல்லாம் சேர்ந்து அழுத்தும் வயது அது. இந்த ஏமாற்றத்தைத் தனிப்பட்ட தோல்வியாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

கேப்டன் பணியிடங்கள் குறைவு. பெரும் போர்க்கப்பல்களான டெஸ்ட்ராயர்களுக்கும் ஃப்ரிகேட்டுகளுக்கும் கேப்டன்களே தலைமை வகிக்கிறார்கள். அந்தக் கப்பல்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கரைப் பணியிடங்களைச் சேர்த்தாலும் எல்லாக் கமாண்டர்களுக்கும் போதாது. ஆண்டுக்கு ஆண்டு, பிரிவுக்குப் பிரிவு காலியிடங்கள் மாறும். ஒரு பரிசீலனையில் விடுபட்டவர் அடுத்ததில் தேர்வாவது உண்டு. ஆகவே உங்கள் கதவு மூடிவிடவில்லை. ஆனால் அதே பணிப்பதிவுடன் மறுபடியும் போய் நின்றால் வேறு விடை வரும் என்று எதிர்பார்ப்பதிலும் பொருளில்லை.

வாரியம் எதைப் பார்க்கிறது? உங்களைப் பற்றி மேலதிகாரிகள் ஆண்டுதோறும் எழுதும் ரகசிய அறிக்கைகள், கடலில் கழித்த காலம், கப்பல் தலைமைப் பொறுப்பில் காட்டிய திறன், முடித்த பயிற்சிகள், ஒழுங்கு, உடல்தகுதி. 2024 ஜனவரியில் கடற்படை அறிவித்த 360 டிகிரி மதிப்பீடும் இப்போது சேர்ந்திருக்கிறது. தொழிலறிவு, தலைமைப்பண்பு, போர் அல்லது நெருக்கடிக் காலத்துக்குத் தகுதியானவரா, மேல்பதவியைத் தாங்குவாரா என்பவை பற்றி உடன் பணிபுரிபவர்களிடமும் கீழே பணிபுரிபவர்களிடமும் கருத்துக் கேட்கிறார்கள். மேலே மட்டும் நல்ல பெயர் வாங்கி, கீழே இருப்பவர்களை வதைத்த அதிகாரிகள் ஏறிப்போன கதைகள் எல்லாப் படைகளிலும் உண்டு என்பதால், இந்த மாற்றத்தை நான் மனமார வரவேற்கிறேன்.

ஸ்டாஃப் கல்லூரிக்குப் போகாதது ஒரு குறைதான். ஆனால் அதை இனி மாற்ற முடியாது என்றால் அதை நினைத்துக்கொண்டே இருப்பதில் பயனில்லை. மாற்றக்கூடியது, அடுத்து நீங்கள் கேட்டுப் பெறும் பணியிடம். உங்கள் பிரிவில் கடற்பணிக்கு இருக்கும் எடை வேறு எதற்கும் இல்லை. கடைசியாக எப்போது கப்பலில் இருந்தீர்கள்? வசதியான கரைப் பணியில் தொடர்ந்து இருந்திருந்தால், அதிகாரிகளைப் பணியமர்த்தும் பிரிவுக்கு எழுதிக் கடினமான பணியிடத்தைக் கேளுங்கள். அதற்கு முன், உங்களுக்கு அறிக்கை எழுதிய மூத்த அதிகாரி ஒருவரையாவது நேரில் சந்தித்து, 'என் பதிவில் எது இளைத்திருக்கிறது?' என்று நேராகக் கேளுங்கள்.

சம்பளத்துக்காக மட்டுமே கேப்டன் பதவியை எண்ணி ஏங்க வேண்டியதில்லை. ஏழாவது ஊதியக் குழுவின் அட்டவணையில் கமாண்டரின் அடிப்படைச் சம்பளம் 1,21,200 ரூபாயில் தொடங்குகிறது, கேப்டனுக்கு 1,30,600. தொடக்க வித்தியாசம் 9,400 ரூபாய். தேர்வாகாதவர்களுக்கும் 26 ஆண்டுச் சேவையில், காலக்கணக்கில் மட்டுமே கிடைக்கும் காலமுறைக் கேப்டன் பதவி உண்டு. அதில் மரியாதை இருக்கிறது. பெரிய கப்பலின் தலைமைப் பொறுப்பு வராது. உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டியது இது: அந்தத் தலைமைப் பொறுப்பு இல்லாத கடற்படை வாழ்க்கை உங்களுக்குப் பிடிக்குமா? பயிற்சி, திட்டமிடல், தளவாடம் போன்ற பணிகளில் மனநிறைவு காண்பவராக இருந்தால், வெளியேற அவசரம் எதற்கு?

இனி ஓய்வூதியம். அதிகாரிகளுக்கு முழு ஓய்வூதியத் தகுதி கிடைக்க 20 ஆண்டுகள் வேண்டும். அதற்கு ஒரு நாள் முன்னால்கூட வெளியேறாதீர்கள். ஓய்வு பெறும்போது அடிப்படைச் சம்பளம் 1,50,000 என்று வைத்துக்கொள்வோம். ராணுவச் சேவை ஊதியம் 15,500 சேர்த்தால் 1,65,500. அதில் பாதியான 82,750 ரூபாயும் அகவிலை நிவாரணமும் மாதந்தோறும் வரும். வீடு வாங்குவதற்காக ஓய்வூதியத்தில் உச்சவரம்பான பாதியை முன்கூட்டியே மொத்தத் தொகையாக மாற்றிக்கொண்டால், அடுத்த 15 ஆண்டுகளுக்குக் கையில் 41,375 ரூபாயும் நிவாரணமும்தான். வெளியில் வேலை கிடைக்கத் தாமதமானால் இந்தத் தொகையில் குடும்பம் நடக்குமா என்று மனைவியுடன் உட்கார்ந்து எழுதிப் பாருங்கள்.

ஒரே பதவியில் ஒரே கால அளவு பணியாற்றியவர்களுக்கு, எப்போது ஓய்வு பெற்றிருந்தாலும் ஒரே ஓய்வூதியம் தரும் 'ஒரே பதவி ஒரே ஓய்வூதியம்' திட்டத்தையும் மறக்கக் கூடாது. தாமாகவே முன்கூட்டி ஓய்வு பெறுவோருக்கு அது இல்லை என்பது 2015 நவம்பர் அறிவிக்கை முதல் அரசின் நிலைப்பாடு. இதை எதிர்த்து வழக்குகள் நடந்திருப்பதால், விண்ணப்பிக்கும் நாளில் விதி எப்படி இருக்கிறது என்று எழுத்துமூலம் உறுதி செய்துகொள்ளுங்கள். முன்கூட்டிய ஓய்வு உங்கள் உரிமையும் அல்ல. அரசு அனுமதித்தால்தான் உண்டு. அனுமதி வருவதற்கு முன் வெளியில் எந்த நிறுவனத்துக்கும் சேரும் தேதி கொடுத்துவிடாதீர்கள்.

மகளின் படிப்பையும் இந்தக் கணக்கில் சேருங்கள். உங்களுக்கு 20 ஆண்டுகள் நிறையும்போது அவள் பதினொன்றாம் வகுப்பில் இருப்பாள். அப்போது ஊர் மாறினால் பள்ளி, பாடத்திட்டம், நுழைவுத்தேர்வுப் பயிற்சி எல்லாம் ஒரே நேரத்தில் கலைந்துவிடும். இன்னும் ஓராண்டு தள்ளி, அவளது பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்குப் பிறகு விலகுவதாகத் திட்டமிடுங்கள். இதற்கிடையில் மறுபரிசீலனையின் முடிவும் தெரிந்துவிடும்.

வழக்கைப் பற்றி: முதலில் துறைக்குள்ளேயே மனு. 1957ஆம் ஆண்டின் கடற்படைச் சட்டம் அதற்கு வழி வைத்திருக்கிறது. அதில் தீர்வு கிடைக்காவிட்டால் ராணுவத் தீர்ப்பாயம்; சென்னையிலும் கொச்சியிலும் அதற்குக் கிளைகள் இருக்கின்றன. துறையின் இறுதி ஆணை வந்த ஆறு மாதத்துக்குள் அங்கே போக வேண்டும். ஆனால் தீர்ப்பாயம் வாரியத்தின் இடத்தில் உட்கார்ந்து உங்களுக்கு மதிப்பெண் போடாது. விதிமீறல், முன்விரோதம், முன்னுக்குப்பின் முரணான அறிக்கை என்று காட்ட ஏதாவது இருந்தால் போகலாம். ரகசிய அறிக்கையின் எல்லாப் பதிவுகளையும் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2008இல் தேவ் தத் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபோது, படைத்துறை அதிகாரிகளுக்கு அது பொருந்தாது என்றும் சொன்னது. அதனால் ஆதாரம் திரட்டுவது எளிதல்ல. அதே சமயம், ஓய்வு வயது வரை பணியில் தொடர உதவும் நிரந்தரக் கமிஷன் கேட்ட கடற்படை அதிகாரி ஒருவரின் வழக்கில், அவருக்குக் காட்டாமல் மூடிய உறையில் ஆவணங்களை வாங்கித் தீர்ப்பாயம் முடிவு செய்த முறையை 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. வெறும் ஏமாற்றம் மட்டுமே காரணம் என்றால் வழக்கு வேண்டாம்.

வெளியே வேலை இருக்கிறதா என்றால், இருக்கிறது; தானாக வராது. வணிகக் கப்பல்களுக்குப் போக கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் தகுதிச் சான்றிதழ் தேவை. கடற்படை அனுபவம் மட்டும் போதாது. துறைமுகம், கப்பல் கட்டும் தளம், பாதுகாப்புத் தளவாட நிறுவனம் பக்கம் மனம் போனால், பாதுகாப்பு அமைச்சகத்தின் மறுவாழ்வு இயக்குநரகம் ஐஐஎம் போன்ற கல்வி நிலையங்களில் நடத்தும் 24 வார மேலாண்மைப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம். எந்தத் திசை என்று இந்த ஆண்டிலேயே தீர்மானித்தால்தான் இடையில் கிடைக்கும் விடுமுறைகளைத் தேர்வுகளுக்குப் பயன்படுத்த முடியும்.

நண்பர் மேலதிகாரியாக வருவதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். சங்கடம் இருக்கும், அவருக்கும் இருக்கும். அதை உடைக்க நீங்களே முதலில் அவரை அழைத்து வாழ்த்துங்கள். அவர் வகித்த பணியிடங்களின் வரிசையை, எத்தனை ஆண்டு கடலில், எந்தக் கப்பலில், எந்தப் பொறுப்பில் என்று, கூச்சப்படாமல் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பணியமர்த்தும் பிரிவுக்கு நீங்கள் எழுதப்போகும் கடிதத்துக்கு அந்தக் குறிப்பு மிகவும் உதவும்.